பிராங்க் ஸ்வெட்டன்ஹாமும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும்

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சேற்று நிலமும் கண்டல் காடும் சூழ எழுந்து நிற்கும் புக்கிட் மெலாவத்திக் குன்று, சிலாங்கூர் மாநிலத்தின் பழைய ஆட்சிபீடமாகும். முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம் அங்கேதான் உள்ளது. மலாக்காவிலிருந்து வந்த டச்சுக்காரர் 1784-இல் அக்கோட்டையைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்ட்டிங்கின் பெயரைச் சூட்டினர் என்பதும், மறு ஆண்டே பகாங்கின் துணையோடு சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார் என்பதும் மலாய் வரலாற்று நூல்கள் தவறாமல் குறிப்பிடும் செய்திகள். ஒரு சிறு குன்றுக்காக இவ்வளவு போர் நடந்ததற்குக் காரணம் எளிது. மலாய் மாநிலங்களில் அக்காலத்தில் சாலை என்று சொல்லத்தக்கது இல்லை. உள்நாட்டு ஈயம் கீழே வருவதும், அரிசியும் அபினும் மேலே போவதும் ஆற்றின் வழியாகவே நடந்தன. ஆகவே ஆற்றுமுகத்தில் காவல் அரண் அமைத்து, போகும் படகுக்கும் வரும் படகுக்கும் தீர்வை வாங்குபவர் எவரோ அவரே அந்த ஆற்று நாட்டின் உண்மையான அதிபர். கோலகுபு, ராசா, ரவாங் முதலிய உலு சிலாங்கூர் ஊர்களின் ஈயம் முழுவதும் இந்தக் குன்றின் பீரங்கிகளுக்குக் கீழே கடந்தாக வேண்டியிருந்தது.

இந்த நிலை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர் ஒரு மாவட்டத் தலைநகராகவும் சிறு மீன்பிடித் துறையாகவும் ஒடுங்கிவிட, அதன் பின்னிலமான புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பகுதிகளும், கிழக்கே மலையடிவாரத்தில் ரவாங்கிலிருந்து காலும்பாங் வரை நீளும் பகுதியும் ரப்பர்த் தோட்டங்களாகி, அத்தோட்டங்களில் தமிழர் பல்லாயிரவர் குடியேறியிருந்தனர். இம்மாற்றத்திற்குப் பலர் காரணர். எனினும் நிர்வாக முடிவுகள் என்ற அளவில் ஒரே ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் அவர் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம். சிலாங்கூரின் ரெசிடென்டாக இருந்து, பின் கூட்டரசு மலாய் மாநிலங்கள் நான்குக்கும் தலைமை ரெசிடென்டாகி, இறுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக ஓய்வு பெற்ற இவரது வாழ்வைத் தோட்டத் தமிழரின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் இரண்டும் விளங்கும்.

ரெசிடென்ட் என்னும் பதவியின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியின் நேரடி உடைமை. அவற்றின் தலைவர் ஆளுநர். மலாய் மாநிலங்களோ சுல்தான்களின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1874 ஜனவரி 20-இல் பேராக்கின் தலைவர்களோடு பங்கோர்த் தீவில் கையெழுத்தான உடன்படிக்கை, சுல்தானின் அவையில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அமர்வார் என்றும், மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக எல்லாப் பொருள்களிலும் அவரது ஆலோசனையைக் கேட்டு அதன்படியே நடக்க வேண்டும் என்றும் விதித்தது. கேட்டே ஆகவேண்டிய, கேட்டபடியே செய்தாக வேண்டிய ஆலோசனை ஆணைக்கு நிகர். ஆகவே ரெசிடென்ட் என்பவர் பெயரளவில் ஆலோசகர். வரி, நிலம், காவல், நீதி, சாலை ஆகிய அனைத்தையும் கையில் வைத்திருந்த வகையில் மாநிலத்தின் உண்மையான ஆட்சியாளர் அவரே.

ஸ்வெட்டன்ஹாம் 1850 மார்ச் 28-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள பெல்ப்பரில் பிறந்தார். நீரிணைக் குடியேற்றங்களின் குடிமைப் பணிக்குத் தேர்வு எழுதி, 1871 ஜனவரியில், இருபத்தோரு வயது நிறையுமுன், பயிற்சி அதிகாரியாகச் சிங்கப்பூரில் வந்திறங்கினார். மலாய் மொழியை விரைவாகவும் செம்மையாகவும் கற்றதே அவரது முன்னேற்றத்தின் முதற்படி. அந்நாளில் மலாய் நன்கறிந்த வெள்ளை அதிகாரிகள் மிகச் சிலரே இருந்தமையால், மாநிலங்களுக்குள் தூது போகும் பணியெல்லாம் இளைஞரான இவரை நாடி வந்தது.

அவர் வந்த அதே 1871-இல் கோலசிலாங்கூர் பிரிட்டிஷாரின் கவனத்தில் பெரிதாக விழுந்தது. கிள்ளான் ஆற்றின் வரிவசூல் உரிமையை முன்னிட்டு 1867-இல் ராஜா மஹ்டி தொடங்கிய உள்நாட்டுப் போர் அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சுல்தான் அப்துல் சமாத்தின் மருமகனும் கெடா இளவரசருமான தெங்கு குடின், 1868-இல் சுல்தானின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டு, 1870-இல் ராஜா மஹ்டியைக் கிள்ளானிலிருந்து வெளியேற்ற, மஹ்டி வடக்கே வந்து கோலசிலாங்கூர்க் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். மறு ஆண்டு பினாங்கைச் சேர்ந்த ஒரு சீனக் கப்பல் கொள்ளையிடப்பட்டு இந்த ஆற்றுக்குள் கொண்டுவரப்பட்டதை அறிந்ததும், ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1871 ஜூலைத் தொடக்கத்தில் கோட்டையைக் குண்டு வீசித் தகர்த்தது. அதன் பின்பும் கோட்டை கைமாறியது; மஹ்டி தரப்பைச் சேர்ந்த சையத் மஷோர் 1872-இல் அதைக் கைப்பற்ற, பகாங் படையின் உதவியோடு தெங்கு குடினின் தரப்பு 1873 நவம்பரில் மீட்டது. இப்போரின் முடிவில் சிலாங்கூரின் ஈயச் சுரங்கங்கள் பல பாழாகிக் கிடந்தன. ஆற்றங்கரைக் கம்பங்கள் (மலாய்ச் சிற்றூர்கள்) ஆளின்றி வெறிச்சோடின. பிரிட்டிஷார் நுழைவதற்கு ஏற்ற களம் இவ்வாறு அமைந்தது.

1874 ஆகஸ்டில் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க், இருபத்துநான்கு வயதே ஆன ஸ்வெட்டன்ஹாமைச் சிலாங்கூர் சுல்தானிடம் அனுப்பினார். சுல்தான் அப்துல் சமாத் அப்போது கோலசிலாங்கூரில் இல்லை. தெற்கே லங்காட்டில் வாழ்ந்தார். சிலாங்கூரில் பேராக்கைப் போல் முறையான உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகவில்லை. சுல்தானின் ஒப்புதற் கடிதம் ஒன்றே பிரிட்டிஷ் ஆட்சிக்கு அடிப்படையாயிற்று. முதல் ரெசிடென்டாக ஜே. ஜி. டேவிட்சன் 1875-இல் வந்தார்; ஸ்வெட்டன்ஹாம் அவருக்குத் துணை. இக்காலத்தில் ஸ்வெட்டன்ஹாம் படகிலும் காலாலும் ஓயாமல் சுற்றினார். பேராக்கிலிருந்து சிலிம் சென்று, சிலிம் ஆறு, பெர்னாம் ஆறு வழியே கடலுக்கு இறங்கிய பயணத்தைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு ராயல் ஏஷியாட்டிக் சங்கத்தின் நீரிணைக் கிளை இதழில் 1880-இல் வெளியாயிற்று. பெர்னாம் ஆறே சிலாங்கூரின் வட எல்லை. பிற்காலத்தில் தோட்டங்களாகப் போகும் அப்பரப்பைத் தாமே நடந்து பார்த்து எழுத்தில் வைத்த தொடக்ககால ஆங்கில அதிகாரிகளுள் அவர் ஒருவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1875 நவம்பர் 2-இல் பேராக் ரெசிடென்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டபோது, ஸ்வெட்டன்ஹாம் அதே ஆற்றின் மேற்பகுதியில் இருந்து, இரவில் படகில் இறங்கித் தப்பினார். அவரது நாட்குறிப்புகள் இன்றும் அக்காலத்தின் முதன்மையான சான்றுகள்.

அடுத்த சில ஆண்டுகள் சிங்கப்பூர்ச் செயலகத்தில் கழிந்தன. 1876 முதல் சிலாங்கூர் ரெசிடென்டாக இருந்த புளூம்ஃபீல்ட் டக்ளஸ், 1880-இல் தலைநகரைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றியதைத் தவிர நிலைத்த செயல் பெரிதாக ஒன்றும் செய்யாமல் பதவி விலக நேர்ந்தபோது, 1882 செப்டம்பரில் ஸ்வெட்டன்ஹாம் அந்த இடத்துக்கு வந்தார். ஏழாண்டு நீடித்த இந்த ஆட்சியே, இடையில் சிறிது காலம் பேராக்கில் பொறுப்பேற்றுச் சென்றது நீங்கலாக, சிலாங்கூரின் இன்றைய உருவத்துக்கு அடித்தளம். தீயிலும் வெள்ளத்திலும் அழிந்திருந்த கோலாலம்பூரை அத்தாப்பு ஓலைக் கூரையை நீக்கிச் செங்கல்லும் ஓடும் கொண்டு மீண்டும் கட்டச் செய்தார். ஆயினும் அவரது ஆட்சியின் உயிர்நாடி கட்டடங்களில் இல்லை. வழிகளில்தான் இருந்தது. சாலையும் இருப்புப்பாதையும் முதலில். வருவாய் அதன் பின்னால் தானே வரும் என்பது அவரது உறுதியான கொள்கை. ஈயத் தீர்வையால் கிடைத்த பணத்தையும் வாங்கிய கடனையும் அவர் துணிந்து வழிகளில் போட்டார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடா வரை ஏறத்தாழ 22 மைல் நீண்ட இருப்புப்பாதை 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

வட சிலாங்கூரில் அவரது ஆட்சி தொடங்கியது ஒரு துயரத்தோடு. உலு சிலாங்கூர் மாவட்டத்தின் முதல் அதிகாரியான செசில் ரேங்கிங், 1883 அக்டோபர் 29 இரவில் கோலகுபுவின் பழைய அணை உடைந்து ஊரையே வாரிச் சென்றபோது பலரோடு உயிரிழந்தார். சுரங்கத்துக்காக முன்னோர் கட்டிய மண்ணணை அது. பிற்காலத்தில் சுரங்க மணல் ஆற்றை மூடி, மீண்டும் மீண்டும் வெள்ளம் புகுந்ததால், ஊரே இடம்பெயர்ந்து கோலகுபு பாருவாயிற்று. ஈயம் எடுப்பதன் விலையை நிலமும் நீரும் செலுத்தியதற்கு வட சிலாங்கூரில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிள்ளான் பாதையை அடுத்து இருப்புப்பாதை வடக்கே நீண்டு 1892-இல் ரவாங்கையும் 1894-இல் கோலகுபுவையும் அடைந்தது. ஸ்வெட்டன்ஹாம் 1889-இல் பேராக்குக்கு மாறிவிட்டார். ஆயினும் அவர் வகுத்த திட்டத்தின் தொடர்ச்சியே இது. கோலசிலாங்கூரின் வரலாற்றில் ரினால்டோவின் குண்டுவீச்சைவிட ஆழமான விளைவை உண்டாக்கியது இந்தப் பாதையே எனலாம். உலு சிலாங்கூரின் ஈயம் இனி ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. ரயிலேறித் தெற்கே கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து கிள்ளான் துறையை அடைந்தது. மெலாவத்திக் குன்றின் அடியில் நூறாண்டுகளாக நடந்த தீர்வை வசூல் பொருளிழந்தது. ஆற்றுமுகத்தை ஆண்டவர் நாட்டை ஆண்ட காலம் முடிந்து, பாதையையும் நிலப்பட்டாவையும் ஆண்டவர் நாட்டை ஆளும் காலம் தொடங்கிற்று. துறைமுகமாக இனி வாழ முடியாத கோலசிலாங்கூருக்கு எஞ்சியது நிலம் ஒன்றே. அந்த நிலத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

ஆள் தேடும் கொள்கையை ஸ்வெட்டன்ஹாம் ஒருவரே வகுத்தார் என்று சொல்வது முறையாகாது. 1880 முதல் 1887 வரை ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்ட், சீனர் தொகை அளவு மீறாதிருக்க இந்தியர் வருகையைப் பெருக்குவது அரசியல் நோக்கிலும் வேண்டும் என்று லண்டனுக்கு எழுதியவர். 1884-ஆம் ஆண்டின் இந்தியர் குடியேற்றச் சட்டத்தையொட்டி, தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் ஏற்பாடு மலாய் மாநிலங்களுக்கும் விரிந்தது. ஒப்பந்தம் என்பது, கப்பற்கூலியும் முன்பணமும் கடனாகத் தலையில் ஏற, அது தீரும்வரை ஒரே முதலாளியிடம் குறித்த ஆண்டுகள் வேலை செய்யக் கைநாட்டு வைப்பது. இடையில் விட்டுப்போனால் சிறை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய இவர்களோடு, யாழ்ப்பாணத் தமிழரும் எழுத்தராகவும் ரயில்நிலைய அதிகாரிகளாகவும் வந்து சேர்ந்தனர். சிலாங்கூரின் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் பராமரித்த பொதுப்பணிக் கூலிகளில் தமிழர் பங்கு பெரிது. அதாவது ஸ்வெட்டன்ஹாமின் பெரும் புகழுக்குக் காரணமான வழிகள், கணிசமான அளவுக்குத் தமிழர் கைகளால் மண் வெட்டி, கல் பரப்பி உருவானவை.

முதலில் நட்ட பயிர் ரப்பர் அன்று, லைபீரியக் காப்பி. தாழ்ந்த கரையோர நிலத்திலும் வளரக்கூடிய அக்காப்பி, 1890-களில் சிலாங்கூர் முழுவதும் பரவியது. ஆனால் பிரேசிலின் மிகை விளைச்சலால் விலை வீழ்ந்தது. ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுக்கள் இலைகளைத் தின்று தோட்டங்களை மொட்டையாக்கின. நொடித்த காப்பித் தோட்டக்காரர்கள் ரப்பருக்குத் திரும்பினர். 1877-இல் கோலகங்சாரில் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட சில மரங்களும், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி கண்டறிந்த பட்டை சீவும் முறையும் அப்போதுதான் பயன் தந்தன.

இதற்கிடையில் ஸ்வெட்டன்ஹாமின் பதவி உயர்ந்துகொண்டே போயிற்று. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் 1896 ஜூலையில் கூட்டரசு மலாய் மாநிலங்களாக இணைக்கப்பட்டபோது, அத்திட்டத்தை முன்னின்று நிறைவேற்றிய அவரே கோலாலம்பூரில் முதல் தலைமை ரெசிடென்ட் ஆனார். நான்கு மலாய் ஆட்சியாளர்களின் அதிகாரமும் நான்கு ரெசிடென்டுகளின் அதிகாரமும் ஒரே செயலகத்தில் குவிந்தன. 1897-இல் சர் பட்டம் வந்தது. அண்ணன் ஜேம்ஸ் அலெக்சாண்டர் சில காலம் தற்காலிக ஆளுநராக இருந்ததற்குப் பின், 1901-இல் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரானார். பதவி வழியே மலாய் மாநிலங்களின் உயர் ஆணையரும் அவரே. 1904-இல் ஓய்வு பெற்றார். ஆளுநராக அவர் செய்தவை, நீரிணை வெள்ளி நாணயத்தை அறிமுகம் செய்தது உள்ளிட்டவை, சிங்கப்பூரின் வரலாற்றைச் சேர்ந்தவை; சிலாங்கூர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை அவரது பெயர் ஒரு துறைமுகத்தின் பெயராகவே நின்றது.

கிள்ளான் ஆற்றின் முகத்தில் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் ஸ்வெட்டன்ஹாம், வட சிலாங்கூர்த் தமிழரின் வரலாற்றில் மெலாவத்திக் குன்றின் இடத்தைப் பிடித்தது. ஈயமும் ரப்பரும் வெளியேறிய வாயில் அது. பிற்காலத்தில் கூலிகள் வந்திறங்கிய வாயிலும் அதுவே. கண்டல் காட்டை வெட்டிச் சேற்றில் கட்டிய அத்துறையில் முதல் மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவி வேலைகள் முடங்கின. கிள்ளானில் அப்போது புதிதாக வந்திருந்த அரசு மருத்துவர் மால்கம் வாட்சன், நீர் தேங்கும் இடங்களை வடித்தும் நிரப்பியும் காய்ச்சலை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். அதன் பின் அவரது கவனம் தோட்டங்களின் பக்கம் திரும்பியது.

வாட்சன் கண்டறிந்தவை வட சிலாங்கூரின் நிலவியலையே விளக்குபவை. கோலசிலாங்கூர், ஜெராம் போன்ற தட்டையான கரையோர நிலங்களில், காட்டு நிழலில் தேங்கிய சதுப்புநீரில் முட்டையிடும் கொசுவே மலேரியாவைப் பரப்பியது. காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி நீரை வடித்தால் அக்கொசு ஒழிந்தது. ரவாங், கோலகுபு போன்ற மலையடிவாரங்களில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே நோயைப் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. ஆகவே காடு வெட்டப்பட்டதால் நோய் குறையாமல் கூடியது. மலைத் தோட்டங்களில் ஓடைகளைக் குழாயில் அடைப்பதும் எண்ணெய் தெளிப்பதும் தவிர வேறு வழி இருக்கவில்லை. இந்த அறிவு எல்லாத் தோட்டங்களையும் எட்டுவதற்குள் எண்ணற்ற உயிர்கள் போய்விட்டன. 1911-இல் மட்டும் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்த சுமார் 1,43,000 தொழிலாளரில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். ஆயிரத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட சாவு. ரப்பர் விலை பவுண்டுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டி வரலாறு காணாத உச்சத்தைத் தொட்ட 1910-க்கு அடுத்த ஆண்டு அது. லாபப் பங்கும் சாவுக் கணக்கும் ஒரே காலத்தில் உச்சம் கண்டன என்பதை எந்தப் பொருளாதார வரலாறும் கடந்துபோகக் கூடாது.

எண்ணிக்கையும் இதே வேகத்தைக் காட்டுகிறது. சிலாங்கூரில் 1901-இல் ஏறத்தாழ 17,000 ஆக இருந்த இந்தியர், 1911-இல் 74,000 ஆயினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை ஏற்கெனவே பிடித்திருந்தது கங்காணி முறை. தோட்டத்தில் நம்பிக்கைக்குரியவரான ஒருவர் உரிமச் சீட்டும் பணமும் பெற்று ஊருக்குப் போய், தம் உறவிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் ஆள் சேர்த்து வருவார். அழைத்துவந்த ஆளுக்குத் தரகும், அவர்கள் வேலைக்கு இறங்கும் நாளெல்லாம் தலைக்காசும் அவருக்கு உண்டு. இதனால் தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் கங்காணிக்கு நட்டம் என்ற நிலை ஏற்பட்டது. காய்ச்சலில் படுத்தவரையும் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலிருந்து) எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் திடலுக்கு) இழுத்துவந்த கொடுமையின் வேர் இந்தக் கணக்கில்தான் இருந்தது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, ஆள் சேர்ப்பவர் சேர்க்காதவர் என்று பாராமல் எல்லா முதலாளிகளிடமும் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ப வரி வாங்கி, அப்பணத்தில் இலவசக் கப்பற்பயணம் கொடுத்தது. கடன் சுமை குறைந்தது உண்மை. ஆனால் ஆள் வரத்து பெருகப் பெருக, கூலியை உயர்த்த வேண்டிய தேவை முதலாளிகளுக்கு எழவில்லை.

விடியுமுன் இருட்டில் பெரட்டுக்களத்தில் வரிசை நிற்பதும், எழுத்தரான கிராணி விளக்கொளியில் செக்குரோல் என்னும் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவதும், கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போய்ப் பால்மரம் வெட்டுவதும், வெயில் ஏறுமுன் மங்கு என்னும் கிண்ணத்திலிருந்து பாலைச் சேர்த்துக் கொட்டகைக்குச் சுமப்பதும் அன்றாடம். கரையோரத் தோட்டங்களில் இதற்கு முன்னதாக இன்னொரு வேலை இருந்தது: கடல்நீர் ஏறாமல் தடுக்க வரப்பு எழுப்புவதும், மழைநீர் வடியப் பெருவாய்க்காலும் கிளைவாய்க்காலும் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டுவதும். இன்று கோலசிலாங்கூரில் செம்பனைக்கு நடுவே நேர்கோடாக ஓடும் வாய்க்கால்கள் பலவற்றின் தொடக்கம் அந்த மண்வெட்டி வேலையில் உள்ளது. செம்பனை வந்ததும் இதே மாவட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே ரந்தாவ் பாஞ்சாங்கில் முதலில் அழகுக்காக நட்ட எண்ணெய்ப் பனை, 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்டது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. அதே ஃபோகோனியே தம் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது.

ஸ்வெட்டன்ஹாம் தமிழரைப் பற்றி என்ன எண்ணினார் என்பதற்கு அவரது நூல்களே சாட்சி. மலாயரைப் பற்றி 1895-இலும் 1900-இலும் அவர் வெளியிட்ட நூல்களில் நுட்பமான கவனிப்பும் அன்பும் உண்டு. மாநிலங்களின் வளர்ச்சிக்குச் சீனரின் உழைப்பும் துணிவுமே காரணம் என்று தம் பிரிட்டிஷ் மலாயா நூலில் மனமாரப் பாராட்டினார். தமிழருக்கு அந்நூலில் அப்படியொரு இடம் இல்லை. அவரது கண்ணில் அவர்கள் அரசுக்கும் தோட்டத்துக்கும் தேவையான உழைப்பின் ஒரு வகை. இது தனிமனிதக் குறை மட்டுமன்று. மலாயரை அவர் அவர்களது மொழியிலேயே அறிந்தார். சீனத் தலைவர்களோடு வரிக் குத்தகைக்காக நாளும் பேரம் பேசினார். தமிழரோ ஒரு தோட்டத்துரைக்கோ பொறியாளருக்கோ கீழே, ஒரு பட்டியலில் எண்ணாகவே அவரை எட்டினர். ஆட்சியாளருக்கும் தொழிலாளிக்கும் நடுவே தோட்டம் என்ற ஒரு தனி அரசை நிறுத்தியது அவர் அமைத்த முறையின் மிகப் பெரிய குறை. லயம், மருத்துவம், பள்ளி, கள்ளுக்கடை, கோயில் அனைத்தும் துரையின் எல்லைக்குள் அடங்கின.

ஓய்வுக்குப் பின் லண்டனில் அவர் ரப்பர்க் கம்பெனிகள் பலவற்றின் இயக்குநர் குழுக்களில் அமர்ந்தார். ஆளுநராக இருந்தவரின் பெயர் பங்கு விற்பனைக்கு வலிமை சேர்த்தது. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் நிலத்தையும் வழியையும் ஆளையும் முதலாளிக்கு அமைத்துக்கொடுத்த ஆட்சிக்கும், அவற்றின் பயனை அறுவடை செய்த முதலுக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அவரது பிற்காலம் காட்டுகிறது. 1904-இல் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த அவரது முழு உருவ ஓவியம் சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது: வெண்ணிறச் சீருடை, பின்னால் சரிகைப் பட்டு, அருகே ஓர் உலக உருண்டை. அந்த உருண்டையின் ஒரு மூலையில் தெரியும் தீபகற்பத்தின் சேற்றில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அக்காலத்தில் ஒரு புகைப்படம்கூட அரிது.

தோட்ட அரசின் பலவீனம் 1941-இல் வெளிப்பட்டது. இந்திய அரசு 1938 ஜூனில் உதவிக் குடியேற்றத்துக்குத் தடை விதித்தபின் ஆள் வரத்து நின்றது, போரால் ரப்பர் விலை ஏறியது, கூலியோ ஏறவில்லை. கிள்ளானில் ஆர். எச். நாதன் முதலியோர் அமைத்த இந்தியர் சங்கத்தின் வழிகாட்டலில் தொடங்கிய வேலைநிறுத்தம் அண்டை மாவட்டங்களுக்கும் பரவியது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு, துரையின் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் போக அனுமதி என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. கூலியைவிட மானமே பெரிது என்பதை அந்த ஒரு கோரிக்கை சொல்லிவிடுகிறது. ஆளுநர் ஷென்டன் தாமஸின் அரசு மே மாதம் 5-ஆம் நாள் நாதனைக் கைது செய்தது. போராட்டம் மேலும் கொதித்தது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் 1946 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு மலாயன் யூனியனை அமைத்து, அங்கே பிறந்தவர்க்கும் நெடுநாள் வாழ்ந்தவர்க்கும் தாராளமாகக் குடியுரிமை தர முற்பட்டபோது, லண்டனிலிருந்து அதை எதிர்த்த பழைய அதிகாரிகளின் வரிசையில் தொண்ணூற்றாறு வயது ஸ்வெட்டன்ஹாமும் நின்றார். சுல்தான்களின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பது அவர்களது வாதம். அதற்கு நியாயம் உண்டு, ஏனெனில் அந்த உரிமைகளைப் பற்றிய வாக்குறுதி அவர்கள் கொடுத்தது. ஆனால் அவர் திறந்த வழியே வந்து இரண்டு தலைமுறை வேர்விட்ட தோட்டத் தமிழருக்கு அப்போது கிடைக்கவிருந்த குடியுரிமை, 1948-இல் யூனியன் கலைந்து கூட்டமைப்பு வந்தபோது குறுகிப் போயிற்று. ஸ்வெட்டன்ஹாம் 1946 ஜூன் 11-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகமாயிற்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் கரைந்துவரும் இக்காலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கிறது; புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஸ்வெட்டன்ஹாமின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாப்பாக உள்ளன. நாட்குறிப்புகள் அச்சிலும் வந்துவிட்டன. தோட்டத்து மக்களின் செக்குரோல் ஏடுகள், கங்காணி உரிமச் சீட்டுகள், கோயில் திருவிழாக் கணக்குகள், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடுகள் ஆகியவற்றுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் இவற்றில் ஒன்றேனும் வீட்டில் வைத்திருப்போர், தோட்ட அலுவலகமும் கோயிலும் இடிபடுமுன் அவற்றைப் படியெடுத்து ஒரு காப்பகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ சேர்ப்பார்களானால், வட சிலாங்கூரின் வரலாற்றை அடுத்த தலைமுறை இரு தரப்புச் சான்றுகளோடும் எழுத முடியும்.